விரிசல் வளர்த்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் டிசைன்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் வேறொன்று சொல்வேன், அதை அச்சில் போட முடியாது. ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது, இன்னும் அவர் மேல் உனக்கு என்ன கோபம் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த வீட்டில் ஒரே ஒரு மழைக்காலம் அவர்கள் இருந்து பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் உள்ள ஊர் அது. ஒரு தெரு முழுக்கப் பட்டுத் தறி. இவர் நெய்கிறவர் இல்லை. நெசவுக்கு முந்திய வேலை இவருடையது. சேலையின் கரையிலும் முந்தானையிலும் என்ன கொடி ஓடவேண்டும், என்ன பூ வரவேண்டும் என்று கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள், அட்டையைத் தறிமேல் கோப்பார்கள், தறி அதன்படி நெய்யும். காஞ்சிபுரத்துக் கடை முதலாளிகள் இவர் காகிதத்துக்காகக் காத்துக்கிடந்த காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். அதை நான் இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல கை. அந்த நல்ல கை சொந்த வீட்டில் ஒரு ஆணி அடித்ததில்லை என்பதுதான் என் வழக்கு.

அவருக்கு டிசைன் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். கோயில் தூணிலிருந்து வராது. பூவைப் பார்த்து, பறவையைப் பார்த்து வராது. வீட்டுக் கூரை ஒழுகி, அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கி, பழுப்பாகவும் பச்சையாகவும் கறை படியுமே, அதிலிருந்து வரும். காரை பெயர்ந்த இடத்திலிருந்து வரும். கரையான் ஏறிய கதவிலிருந்து வரும். மூன்று கால் முக்காலி ஒன்றைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபடி இருப்பார். காதில் பென்சில். திடீரென்று எழுந்து அடுப்புக் கரியால் கறையைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது.

"அத்த தொடாத. அது இன்னும் முடியல."

இந்த ஒரு பேச்சைத்தான் நான் அந்த வீட்டில் அதிகம் கேட்டிருக்கிறேன். நாஷ்டா ஆச்சா என்று அக்காவை அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஆள் அப்பழுக்கில்லாத சுத்தம். வேட்டி பளீரென்று இருக்கும். அக்கா கிணற்றடியில் அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, கொடியில் உதறிக் காயவைத்து, மடித்துக் கொடுக்கவேண்டும். சுவரில் கறை வந்தால் கண் விரியும். வேட்டியில் ஒரு புள்ளி வந்தால் வீடே அதிரும். கூடத்தில் தண்ணீர் சொட்டினால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சொட்டாத இடத்துக்கு நகர்ந்துவிடுவார். அந்த இடத்தில் அக்கா படுத்திருந்தால் அவள்தான் எழுந்து வேறிடம் தேடவேண்டும். என் அக்கா முகத்தைச் சுளிக்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சொட்டுக்கு நேரே வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்டவள். மாதம் ஒருமுறையாவது பஸ் பிடித்து அக்காவைப் பார்க்க வருவேன். வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"மாமா, மய வரதுக்கு முன்னால கூரைய ஒரு தபா பிரிச்சி போட்டா இன்னா? தெரு பூரா பண்ணிக்கினு கீறாங்க இல்ல?"

"உனுக்கு தெரியாதுமா. வூடுன்னா உசுரு இருக்கணும், மாறிக்கினே இருக்கணும். தோ, என் தம்பி தளம் போட்டு கட்டி கீறான் பாரு, அது செத்த வூடு. அதுல ஒண்ணும் வராது."

மாறிக்கொண்டே இருக்கவேண்டுமாம்! சொன்னவர் தலையணையைக்கூட மாற்றவிடாத மனிதர். வீட்டை மழை மாற்றலாம், கரையான் மாற்றலாம், ஓட்டின் மேல் குதிக்கிற குரங்கு மாற்றலாம். பெண்டாட்டி மாற்றக் கூடாது. தெருவுக்குக் கரண்ட் வந்தபோதும் இதே கதைதான். கம்பம் அவர் வாசலிலேயே நட்டார்கள். ஒயர் இழுக்க வந்த ஆளிடம் "வாணாம்பா, பல்பு போட்டா நெயலு செத்துப்பூடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். உடைந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னால் காடா விளக்கை வைத்தால் சுவரில் நிழல் கட்டம் கட்டமாக விழும், அதைப் பார்த்து ஒரு முந்தானை போட்டிருந்தார். அந்த முந்தானைக்காக என் அக்கா மகள் அமுதா பள்ளிக்கூடப் பாடத்தையெல்லாம் எதிர்வீட்டு பல்பு வெளிச்சத்தில் படித்தாள்.

கரையான் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பின்கட்டில் குளிக்கிற மறைப்புக்கு ஒரு மரக்கதவு இருந்தது. அதில் கரையான் ஏறியது. மண் கோடாக, கிளை பிரிந்து பிரிந்து மேலே போனது. அக்கா துடைப்பத்தை எடுத்தாள். "கை வெக்காத!" என்று ஒரு கத்தல். முக்காலி பின்கட்டுக்கு வந்தது. கரையான் நிதானமாக ஏற, இவர் நிதானமாக வரைய, இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தன. அந்தக் கொடி டிசைன் நன்றாக ஓடியது என்று கேள்வி. கதவு ஒருநாள் அக்கா கையோடு வந்துவிட்டது, உள்ளே வெறும் மாவு. வயதுக்கு வந்த பெண் குளிக்கிற இடம் திறந்து கிடக்கிறது. "கதவு போனா இன்னா, கொடி வந்துச்சி இல்ல?" என்றார் மனிதர். அக்கா தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டிவிட்டாள். இரண்டு வருஷம் அமுதா அந்தச் சேலைக்குப் பின்னால்தான் குளித்தாள், காற்றடித்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு.

இனி அந்த விரிசல். அடுப்பங்கரையில், அடுப்புக்குப் பின்னால் உள்ள மண் சுவரில் அது வந்தது. பெருமழை பெய்த ஒரு வருஷம் உத்தரத்தின் அடியிலிருந்து நூல் மாதிரி இறங்கியது. அக்கா செம்மண்ணும் சாணமும் குழைத்து, விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். வெளியே போயிருந்தவர் வந்தார். பார்த்தார். கரண்டிக் காம்பை எடுத்து, அவள் அடைத்ததைக் குனிந்து நிமிர்ந்து முழுக்கச் சுரண்டி எடுத்தார். வீட்டுக்காக அவர் உடம்பை வளைத்து வேலை செய்ததாக நான் அறிந்தது அந்த ஒரு தடவைதான்.

"உனுக்கு கண்ணு கீதா? தோ பாரு, மேல மூணா வருது, இங்க ஒண்ணா சேருது. இன்னும் கீய எறங்கும் பாரு. இது இன்னும் முடியல."

அதற்குப் பிறகு அந்த விரிசலுக்கு வீட்டில் கிடைத்த மரியாதை பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பார். புதிதாக ஒரு கிளை விட்டிருந்தால் முகம் மலர்ந்துவிடும். அக்கா அதன் முன்னால் குந்திக்கொண்டு தினம் சமைத்தாள். குழம்பில் மண் உதிரும். தட்டைப் போட்டு மூடிச் சமைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த விரிசலிலிருந்து ஒரு சேலைக் கரை பிறந்தது. மூன்று கோடு சேர்ந்து ஒன்றாகிற மாதிரி, சரிகையில். காஞ்சிபுரத்து முதலாளி அதற்கு முக்கூடல் கரை என்று பெயர் வைத்துவிட்டார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற எங்கள் ஊரைப் பார்த்துப் போட்டதாக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்களாம். இவர் எங்கள் ஊர் ஆற்றுப் பக்கம் வந்தது என் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் மணல் சுடுகிறதென்று வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த முதலாளி ஒருதரம் காரில் வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். "இந்தச் சுவரை அப்படியே வெச்சிக்கோங்க, பொக்கிஷம்" என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "அவ்ளோ ஆசையா இருந்தா பேத்து எட்த்துகினு போயி உங்க வூட்டு சமையக்கட்டுல வெச்சிக்கோங்க ஐயா" என்றேன். மாமா என்னோடு அப்புறம் ஒரு வருஷம் பேசவில்லை. எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அமுதாவுக்கு இடம் பார்க்க ஆரம்பித்தோம். பெண் லட்சணமாக இருப்பாள், பொறுமைசாலி, கைவேலை தெரியும். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன். பெண் பார்க்க ஐப்பசியில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐப்பசி! அக்கா கெஞ்சினாள். கூடத்துக்கு மேலே மட்டுமாவது ஓடுகளை மாற்றிப் போடலாம் என்று கெஞ்சினாள். "மய பேயறப்போ எவனாவது கூரையில கை வெப்பானா? அப்பால பாத்துக்கலாம்" என்றார். மழைக்கு முன்னால் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், வேறு காரணத்தோடு.

வந்தார்கள். மழையும் கூடவே வந்தது. கூடத்தில் இருப்பதிலேயே காய்ந்த இடமாகப் பார்த்துப் பாய் போட்டு, மாப்பிள்ளையின் அம்மாவை உட்காரவைத்தாள் அக்கா. இளம்பச்சைப் பட்டு உடுத்திய கம்பீரமான அம்மாள். அமுதா காபித் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து பொட்டென்று ஒரு சொட்டு அவள் மடியில் விழுந்தது. ஓட்டு மண்ணும் ஒட்டடைக் கரியும் கலந்த தண்ணீர். அடுத்தது. அதற்கடுத்தது. இளம்பச்சைப் பட்டில் பழுப்புக் கறை பரவியது. அந்த அம்மாள் திடுக்கிட்டு நகரப் போனாள்.

"நவுராதீங்கம்மா! அப்டியே குந்துங்க!"

மாமாதான். எழுந்து நின்று கத்துகிறார். மடியில் பாம்போ தேளோ விழுந்துவிட்டது என்று நினைத்து அந்த அம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். பையன் வாயிலிருந்த கேசரியை விழுங்காமல் நிற்கிறான். இவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மறுபடி உட்கார்ந்து காகிதத்தை முழங்கால் மேல் வைத்தார். சொட்டுச் சொட்டாக விழ விழ, கறை பரவப் பரவ, தலையைச் சாய்த்துக்கொண்டு வரைகிறார்! "தோ, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வரட்டும், தோ ஆச்சி" என்று சமாதானம் வேறு.

அந்த அம்மாள் மெல்லக் கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தாள். பாம்பும் இல்லை, தேளும் இல்லை. பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். எழுந்தாள்.

"பொண்ணு தங்கமாத்தான் கீது. எனுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள் அக்காவிடம். "ஆனா இப்டி ஒரு மன்சன் கிட்ட நாங்க சம்மந்தம் வெச்சிக்க முடியாதும்மா. மன்ச்சிக்கோ." குடையை விரித்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்கள்.

அமுதா தட்டோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காபி ஆறிப்போய்விட்டது. மாமா காகிதத்தைக் கொண்டுவந்து அவளிடமே காட்டினார். "போனா போறாங்க உடு. இன்னா அயகா வந்துகீது பாரு, மாங்கா மாதிரி, உள்ள ஒரு கிளி." பெண் அதைப் பார்த்தாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்தம்மாள் உட்கார்ந்த இடத்தில் ஒரு குண்டானை வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தச் செய்தி ஊர் ஊராகப் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த இரண்டு வரன்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பின. பிறகு என் வீட்டுக்காரர் வழியில் உத்திரமேரூரிலேயே ஒரு இடம் வந்தது. ஆனியில் வருகிறோம் என்றார்கள். நான் அக்காவைப் பார்க்க ஓடினேன்.

"அக்கா, இதுவும் போச்சின்னா அவளுக்கு அவ்ளோதான். கூரைய பிரிக்கிற, சுவர பூசற. மாமாவ கேக்காத."

"ஆளுங்க வரணுமே" என்றாள் அக்கா.

அதுதான் பேஜார். அந்தத் தெருவில் ஓடு பிரித்துப் போடுவதற்குக் கூலியாள் வைக்கிற வழக்கமில்லை. வைகாசி ஆனியில், மழைக்கு முன்னால், முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக் கூரையாகப் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். ஓட்டை இறக்கி, உடைந்ததைக் கழித்து, மூங்கிலைச் சரிபார்த்து, மறுபடி அடுக்குவார்கள். வீட்டுக்காரர் மதியச் சாப்பாடு போடவேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு உன் கூரை, நாளைக்கு என் கூரை. போகாத வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். டிசைன்காரர் ஒருவர் கூரைக்கும் போனதில்லை.

ஆனால் அக்கா போயிருக்கிறாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, வீட்டுக்கு ஒரு ஆள் என்கிற கணக்கில் இவள்தான் போய் நின்றிருக்கிறாள். ஓடு வாங்கி அடுக்கியிருக்கிறாள், மண் குழைத்திருக்கிறாள், பந்திக்குச் சமைத்திருக்கிறாள். தன் வீட்டு முறை வரும்போது அவர் வேண்டாம் என்றதால் யாரும் வரவில்லை, இவளும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் என் அக்கா முதல்முறையாக வாசல் வாசலாக ஏறினாள். நான் கூடவே போனேன். அதிகம் பேசவில்லை அவள்.

"எல்லார் வூட்டு கூரையிலயும் என் கை கீது. இந்த வருசம் என் வூட்டுக்கு வாங்க."

அட்டை குத்துகிற இடத்தில் கூடவே இருந்து பார்ப்பதற்காக மாமா வருஷத்தில் சில தடவை காஞ்சிபுரம் போய் ஒரு வாரம் தங்குவார். அவர் ஏறிய பஸ் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு ஏணியோடு வந்தார்கள். தெரு முழுக்க வந்தது. தளம் போட்ட தம்பியும் வந்தார், அவர் கூரையில் பிரிக்க ஓடே இல்லை, இருந்தாலும் வந்தார். நான் சமைத்தேன். அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு நெசவுக்காரர் அடுப்பங்கரைச் சுவரைப் பூசலாம் என்று விரிசல் மேல் கையை வைத்து லேசாகத் தட்டினார். மேலிருந்து இடுப்புயரம் வரைக்கும் சுவர் அப்படியே உட்புறமாகச் சாய்ந்து விழுந்தது. ஓங்கி அடிக்கவில்லை, கடப்பாரை வைக்கவில்லை, தட்டியதுதான். புழுதி அடங்கியதும் பார்த்தோம். மண்கட்டி எல்லாம் அடுப்பு இருந்த இடத்திலும் அதற்கு முன்னாலும் குவிந்து கிடந்தது.

"அண்ணி, நீ குந்திகினு சமைக்கிற எடம் இதானே?" என்றார் அவர்.

அக்கா ஆமாம் என்றாள். அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதர் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லவேளை, காஞ்சிபுரத்தில் இருந்தார்.

செங்கல் வைத்துச் சுவரை எழுப்பி, பூசி, வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். குளிக்கிற இடத்துக்குத் தகரக் கதவு வைத்தோம். வாரக் கடைசியில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பை. நடையில் நின்று உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் அடுப்பங்கரை வரை நடந்து போனார். பளீரென்று வெள்ளைச் சுவர்.

"கொன்னுட்டீங்களே" என்றார். "அது இன்னும் முடியலையே."

"முடிஞ்சிடிச்சி மாமா. உன் பொண்டாட்டி மேல முடிஞ்சிருக்க வேண்டியது, தப்பிச்சிகினா. மண்ணு கொல்லையில கொட்டி கீது, போயி பாரு." வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

செத்தா பிழைத்தா என்று பெண்டாட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. கொல்லைக்குத்தான் போனார். மெய்யாகவே போனார். அந்த மண்மேட்டின் முன்னால் குந்திக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்கிற நேரத்துக்குக் காதிலிருந்த பென்சில் கைக்கு வந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீடும் பிடித்தது, பெண்ணும் பிடித்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா காஞ்சிபுரம் போய்த் தேடிப் பிடித்துக் கூறைச் சேலை எடுத்துவந்தார். சபையில் தட்டில் வைத்துப் பிரித்தார். அரக்குச் சேலை, சரிகைக் கரை. மூன்று கோடு மேலிருந்து இறங்கி ஒன்றாகச் சேர்கிறது. "முக்கூடல் கரை, இப்போ இதுதான் ஓடுது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா முன்னால் போய்க் கரையை விரலால் தடவிப் பார்த்து, "நா போட்டது" என்று சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஆட்கள் ஆகா என்றார்கள்.

அமுதா அதைத்தான் உடுத்தினாள். கூறைச் சேலையை வேண்டாமென்று சொல்ல முடியுமா? மறுநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "தாலி கட்றப்போ எங்க அம்மா தலையில வியுந்திருக்க வேண்டிய சுவர சுத்திகினு குந்தினு இருந்தேன் சின்னம்மா."

தைப்பொங்கலுக்குச் சீர் கொடுக்க நாங்கள் எல்லோரும் உத்திரமேரூருக்கு அவள் வீட்டுக்குப் போனோம். தளம் போட்ட வீடு, சிமெண்டுத் தரை, அறைக்கு அறை பல்பு. உள்ளே நுழைந்ததிலிருந்து மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. செத்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற முகம். ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் பார்வை நின்றது. போன மழையில் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே கசிந்து, கையகலத்துக்கு ஒரு கறை. கூடவே மயிரிழையாக ஒரு விரிசல். ஸ்டூலை அந்த மூலைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், மகளைப் பார்த்தபோதுகூட வராதது. கை காதுப் பக்கம் போனது.

அமுதா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் போனாள். பழைய தட்டு ஒன்றில் சிமெண்டு குழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் எந்திரி நைனா."

எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் மேலேயே ஏறினாள்.

"அம்மாடி, வாணாம். கை வெக்காத. அது இன்னும் முடியல."

அவள் திரும்பவில்லை. கை நிறைய சிமெண்டை அள்ளி விரிசலில் அப்பினாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அடுத்த கை. அதற்கடுத்த கை. மேலிருந்து ஒரு கட்டி நழுவி, பொத்தென்று மாமாவின் வேட்டியில் விழுந்தது. வெள்ளை வேட்டியில் சாம்பல் நிறம் மெல்லப் பரவியது.

"ஐயோ, வேட்டி! வேட்டி போச்சே! தண்ணி கொண்டாங்க!" என்று துள்ளினார் மாமா. அக்கா பழக்கத்தில் சொம்பை எடுக்க எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அமுதா ஸ்டூல் மேல் நின்றபடி குனிந்து அந்தக் கறையைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"நவுராத நைனா" என்றாள். "அப்டியே இரு."